மேட்ரன் கூட்டிய சந்தை

அல் ஐனில் ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்டோரில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், கையுறை வாங்க வந்த மேட்ரன் கையுறையை வாங்கிக்கொண்டு போகவில்லை. ஜன்னல் பலகையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு, "எந்த ஊர்?" என்றார். இந்தியா என்றேன். அதுதான் தெரிகிறதே என்றார். தமிழ்நாடு என்றேன். போதவில்லை. திருச்சி என்றேன். "திருச்சியிலேயா, திருச்சிக்குப் பக்கத்திலேயா?" என்று பிடித்துக்கொண்டார். பக்கம் என்றால் எவ்வளவு பக்கம், அப்பாவுக்கு என்ன வேலை, அம்மா பிறந்தது எங்கே, வீடு எந்தத் தெருவில்? அவருக்குப் பின்னால் நான்கு நர்ஸுகள் பஞ்சுக்கும் ஊசிக்கும் வரிசையில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அப்பா பெயரையும் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆளின் ஜாதி தெரிய வேண்டும். தெரிந்த பிறகு கேட்டவரின் குரல் மாறும், சில கடைகளில் டம்ளரும் மாறும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய்த்தான் நான் விமானம் ஏறினேன். வளைகுடாவில் வெயில் கொல்லும், வேலை கொல்லும், ஆனால் இந்த ஒரு நிம்மதி உண்டு. இங்கே எல்லோருக்கும் நான் 'பாய்', சகோதரன், அவ்வளவுதான். இந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு எதற்கு என் தெரு? பெட்டியை நீட்டி, "சைன் பண்ணுங்க மேடம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் அயர்லாந்துக்காரர். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த வயது. நெடுநெடுவென்று உயரம். வெயிலுக்குப் பயந்து மூக்கில் எந்நேரமும் வெள்ளைக் களிம்பு, விபூதி பூசினாற்போல. எதிரே வருகிறவர் எங்கிருந்து வந்தவர், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் ஓர் ஆளைக் கடந்து போக முடியாது. டாக்ஸியில் ஏறினால் இறங்குவதற்குள் டிரைவரின் மூன்று தங்கைகளில் யாருக்கு இன்னும் கல்யாணமாகவில்லை என்பது தெரிந்திருக்கும். காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கும் நோயாளியிடம் வலி எப்படி என்று கேட்பதற்கு முன்னால் ஊர் எது என்று கேட்பார். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான், அதுவும் பாதி எனக்குப் புரியாத இங்கிலீஷ். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் என்னோடு திருச்சித் தமிழில் பேசியதாகத்தான் காதில் நிற்கிறது.

ஒரு மாதம் பொறுத்தேன். மறுபடி ஜன்னலில் முழங்கை ஊன்றியபோது சொல்லிவிட்டேன். "மேடம், எங்க ஊர்ல இப்படிக் கேட்டா ஆளை எந்த இடத்துல வைக்கிறதுன்னு அளவெடுக்கிறாங்கன்னு அர்த்தம். எனக்குப் பிடிக்கல."

அவர் முகம் காதுவரை சிவந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்க ஊர்லயும் அதுக்குத்தான்ப்பா கேப்பாங்க. அப்பன் பேரைச் சொன்னா எந்த சர்ச்சுக்குப் போறவன்னு தெரிஞ்சுபோகும். எங்கம்மா அதுக்காகவே கேப்பா. நான் அதுக்காகக் கேக்கல. ஆனா கேக்காம இருக்கவும் முடியல, பழக்கம் அப்படி." நிமிர்ந்து இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "சரி, தெருவை விட்டுட்டேன். உங்க ஊர்ல சந்தை என்னைக்கு?"

புதன்கிழமை என்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. சந்தையில் என்ன விற்கும், ஆடு எந்தப் பக்கம், மாடு எந்தப் பக்கம், கருவாட்டுக்கு ஏன் கடைசி வரிசை என்று அரைமணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். பஞ்சுக்கு வந்த நர்ஸ் திட்டிவிட்டுப் போனாள்.

அவருடைய ஊரில் சந்தை வியாழக்கிழமை. ஊர் என்றால் இரண்டே தெருதான், நடுவில் ஒரு சதுக்கம், சுற்றிலும் பச்சைப் புல்வெளி, ஓயாத மழை. அவருடைய அப்பா சதுக்கத்தில் கடை வைத்திருந்தார். முன்பக்கம் ஆணியும் தேயிலையும் விதை உருளைக்கிழங்கும், பின்கட்டில் பீர், மாடியில் சவப்பெட்டி. "பிறந்ததுல இருந்து சாகிற வரைக்கும் எவனும் எங்க கடையைத் தாண்டிப் போயிட முடியாது" என்று பெருமையாகச் சொல்வார். ஊரின் பழம்பெருமையைக் காப்பாற்ற ஒரு கமிட்டி உண்டாம். அந்தக் கமிட்டியிடம் பழைய சந்தை நாளில் எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் நிற்கிற அத்தனை பேருக்கும் பெயர் கண்டுபிடித்து எழுத ஒன்பது வருஷம் ஆனதாம். ஒரு நாய்க்குக்கூடப் பெயர் எழுதியாகிவிட்டது. முதுகைக் காட்டி நிற்கிற ஒருவருக்கு மட்டும் இரண்டு குடும்பங்கள் உரிமை கொண்டாடி, அந்த இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த வியாதிதான் கமிட்டி. மூன்று பேர் சேர்ந்து நின்றால் மேட்ரனுக்குக் கை அரிக்கும். ஆஸ்பத்திரி ஆட்கள் பலர் குடியிருந்த நாலு மாடிக் கட்டிடத்தில்தான் அவரும் இருந்தார், தரைத்தளத்தில். ஒரு கோடையில் லிஃப்ட் நின்றுபோனது. மற்றவர்கள் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே படியேறினோம். அவர் வாசலில் நாற்காலி போட்டார். நாலாவது மாடியிலிருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் மேரி தலைவர், ஏனென்றால் அவள்தான் அதிகப் படி ஏறுகிறாள். யாழ்ப்பாணத்துப் பவானி அக்கா செயலாளர், ஆஸ்பத்திரி ஆபீஸில் வேலை பார்ப்பதால் எழுத்து நன்றாக இருக்கும். நான் பொருளாளர், பொருள் என்று ஒன்றும் இல்லை. வெள்ளரிக்காய் வைத்த ரொட்டியும் டீயும் கொடுத்து, தீர்மானம் நிறைவேற்றி, நோட்டில் எழுதினோம். மெக்கானிக் தான் வருவதாகச் சொல்லியிருந்த தேதியில் வந்து லிஃப்டைச் சரிசெய்தான். 'கமிட்டியின் விடாமுயற்சியால்' என்று மேட்ரன் நோட்டில் சேர்த்துக்கொண்டார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன், தனம் வரும்வரை.

தனம் என் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து விசா கிடைத்து அழைத்து வந்தேன். மாட்டுத் தரகர் மகள். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால் சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு சந்தை சந்தையாகச் சுற்றியவள். இரண்டாவது மாடியில், ஏசி ஓடுகிற ஓர் அறையும் சமையலறையுமாக அவளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நான் பன்னிரண்டு மணி நேர டூட்டிக்குப் போய்விடுவேன். இங்கிலீஷ் தெரியாது, ஹிந்தி தெரியாது. எட்டு மாதம் ஆனது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, அடுத்த மாசம் எனக்கு டிக்கெட் போட்டுருங்க."

"ஏன், என்மேல கோவமா?"

"கோவப்படக்கூட ஆளு வேணும்ல. அப்பாகூட வாரம் மூணு சந்தைக்குப் போனவ நான். ஒரு நாளைக்கு நூறு பேருகிட்ட வாய் குடுப்பேன். இங்க உங்களைத் தவிர எனக்கு யாரைத் தெரியும்? இப்படியே இருந்தா எனக்குப் புத்தி பேதலிச்சிரும்ங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். கணக்கு முடித்த தரகர் மாதிரி தீர்மானமாகச் சொன்னாள். இவள் போனால் திரும்ப வரமாட்டாள். மறுபடியும் ஒரு ரூமில் எட்டுப் பேரோடு கட்டில் போட்டுக்கொண்டு, போனில் குடும்பம் நடத்த வேண்டும். ஐந்து வருஷம் அப்படி இருந்தவன் நான். மறுநாளே டிக்கெட் போட்டேன், மூன்று வாரம் தள்ளி.

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மேட்ரன் மோப்பம் பிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை வந்து கதவைத் தட்டினார். தனம் கையால் டீ குடிப்பதுபோல் காட்டினாள். மேட்ரன் இரண்டு கையையும் ஆட்டி, "வேண்டாம், வேண்டாம், இப்பதான் குடிச்சேன்" என்றார். தனம் அதைக் காதிலேயே வாங்காமல் உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள்.

மேட்ரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவருடைய ஊரில் டீ வேண்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம்தான். மூன்றாம் தடவை, 'சரி, அரை கப்' என்று இறங்கி வரலாம். உடனே ஒத்துக்கொள்கிறவளுக்கு அலைகிறவள் என்று பெயர். "இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம் ஆச்சு. நான் வேண்டாம்னு சொன்னதை எல்லாரும் நம்பிட்டாங்க. எத்தனை வீட்டுல இருந்து டீ குடிக்காமத் திரும்பி வந்திருக்கேன் தெரியுமா?" என்றார். எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான் என்றேன். அன்று இரண்டு கப் குடித்தார். போகிறேன் என்று எழுந்து, கதவுப் பிடியைப் பிடித்தபடியே முக்கால் மணி நேரம் நின்றார். அவர் இங்கிலீஷில் சொல்ல, இவள் தமிழில் சொல்ல, நான் நடுவில் தேவைப்படவே இல்லை.

மறுநாள் பவானி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா தனத்தோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு என்னிடம் சொன்னார். "தம்பி, இவவுக்கு ஒரு நோயும் இல்லை. கதைக்கச் சனம் இல்லாமல்தான் பிள்ளை வாடிப் போச்சுது. நீர் டிக்கெட் போட்டது சரியோ பிழையோ எண்டு நான் சொல்ல மாட்டன்." இதையே மேட்ரனுக்கு இங்கிலீஷில் சொன்னார். மேட்ரன் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். டிக்கெட்டுக்கு இன்னும் எத்தனை நாள்?

அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். திங்கட்கிழமைக்குள் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது. எக்ஸ்ரே எடுக்கிறவன் கேட்டான், கேன்டீன்காரர் கேட்டார், பெயர் தெரியாத டாக்டர் ஒருவர் படியில் நிறுத்தி, "உன் பீவி, பெண்டாட்டி, ஊருக்குப் போகிறாளாமே?" என்றார். எனக்கு மானமே போயிற்று. அந்த அம்மாவின் கழுத்தை நெரிக்கலாமா என்றுகூட நினைத்தேன். மாலையில் தனத்திடம் புலம்பினேன். "எத்தனை பேரு கேட்டாங்க?" என்றாள். எட்டுப் பேர் என்றேன். "எட்டுப் பேரா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். அவள் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்தான் தெரிந்தது.

கமிட்டி கூடியது. வெள்ளிக்கிழமை காலையில் கட்டிடத்து முற்றத்தில், கார் நிறுத்துகிற நிழல்பந்தலுக்குக் கீழே சந்தை. விற்க லைசன்ஸ் வேண்டும் என்று நான் பயந்ததால், விற்பனை கிடையாது, பண்டமாற்று மட்டும். அவரவர் கையால் செய்ததைக் கொண்டுவர வேண்டும். பவானி அக்கா யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் கொண்டுவந்தார். மலையாளி நர்ஸுகள் அச்சப்பம், மேரி தேங்காய் கேக், வாட்ச்மேன் கான் பாய் சுடச்சுட ரொட்டி. மேட்ரன் தன் கையால் பின்னிய கம்பளிக் காலுறைகளைக் கடை பரப்பினார். வெளியே முட்டை வைத்தால் வெந்துவிடும் வெயில்.

தனம் ஒரு டப்பா முறுக்கோடு ஓரமாக நின்றாள். மேட்ரன் காலுறையை நீட்டி, முறுக்கைக் காட்டி, எத்தனை என்று கண்ணால் கேட்டார். தனம் யோசித்தாள். பிறகு என் தோளில் கிடந்த துண்டை உருவி மேட்ரனின் கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை விட்டாள்.

மாட்டுச் சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள். வாயால் சொன்னால் நாலு பேர் காதில் விழும். அதனால் துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. தனம் மூன்று விரலைப் பிடித்திருக்கிறாள். மேட்ரனுக்கு நொடியில் புரிந்துவிட்டது. "ஆ!" என்று ஒரு சத்தம் போட்டு முழுக் கையையும் பிடித்தார். அவருடைய ஊர்ச் சந்தையில் கையோடு கை அறைந்து விலை பேசுவார்களாம். இழுபறியானால் மூன்றாமவர் ஒருவர் வந்து, இருவர் கையையும் பிடித்துச் சேர்த்து அறைந்து, வித்தியாசத்தைப் பாதியாக வெட்டி, பேரத்தை முடித்துவைப்பாராம். ஒரு ஜோடி காலுறைக்குக் கால்மணி நேரம் பேசினார்கள். கடைசியில் நாலு முறுக்குக்குப் படிந்தது. தனம் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் கட்டிடத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று முழுக்க அவளிடம்தான் கூட்டம். பாஷை தெரியாதவர்கள் எல்லோரும் துண்டுக்குள் கையை விட்டார்கள். ஆனாலும் டிக்கெட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கேட்கப் பயம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்துக் கட்டிடத்துக்காரர்களும் வந்தார்கள். கார்களை எடுக்கச் சொல்லிச் சத்தம், பிள்ளைகள் ஓட்டம். பத்து மணிக்கு அர்பாப் வந்துவிட்டார். அர்பாப் என்பது கட்டிட உரிமையாளரை நாங்கள் அழைக்கும் பெயர். கணுக்கால்வரை தொங்கும் வெள்ளைக் கந்தூரா அங்கி, கையில் தடி, எழுபதைத் தாண்டிய வயது. யாரோ புகார் சொல்லியிருக்க வேண்டும். தடியைத் தரையில் தட்டி, "கலாஸ்! யல்லா, யல்லா!" என்றார், போதும், கிளம்புங்கள் என்று. எல்லோரும் மளமளவென்று மூட்டை கட்டினார்கள். மேட்ரன் குறுக்கே போய், தனக்குத் தெரிந்த அரபியில், "உங்கள் அப்பாவுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அர்பாப் தடியை இன்னொரு தடவை தட்டினார். விமானத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான். இந்தச் சந்தையும் போனால் தனமும் போய்விடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஓரத்தில் இருவர் மட்டும் எதையும் கவனிக்கவில்லை. தனமும் மேரியும். துண்டுக்குள் கை, கல் மாதிரி முகம், பேரம் முற்றிப்போயிருந்தது. அர்பாபின் பார்வை அங்கே போய் நின்றது. மெதுவாக நடந்து அவர்களிடம் போனார். கான் பாயிடம் ஏதோ கேட்டார், பிறகு ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கான் பாய் எங்களுக்குச் சொன்னார். அர்பாபின் அம்மாவைப் பெற்ற தாத்தா கடற்கரையில் முத்து வியாபாரி. முத்துக்கும் இப்படித்தான் துணிக்குள் விலை பேசுவார்களாம். சின்னப் பையனாக இருந்தபோது உள்ளே என்ன நடக்கிறது என்று துணியைத் தூக்கிப் பார்த்து அறை வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு இதைப் பார்க்கவே இல்லையாம்.

அவர் என்னைக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். தனம் துண்டைப் போட்டாள். எதற்குப் பேரம் என்று கான் பாய் கேட்க, "சந்தைக்கு! மாதத்துக்கு எத்தனை?" என்று மேட்ரன் கத்தினார்.

அர்பாப் என் ஒற்றை விரலைப் பிடித்தார். நான் திரும்பி, "தனம், மாசத்துக்கு ஒண்ணுங்கிறார்..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயோ, வெளிய சொல்லாதீங்க! எங்கப்பா பாத்தா செருப்பால அடிப்பாரு. முழுக் கையையும் புடிங்க!"

பிடித்தேன். அர்பாப் ஒரு கணம் விழித்துவிட்டு, இருமல் வரும் அளவுக்குச் சிரித்தார். மாதத்தில் நாலு வெள்ளிக்கிழமைதானே இருக்கிறது, ஐந்து சந்தை எங்கே போடுவாய் என்று கான் பாய் வழியாகக் கேட்டார். வெட்கத்தோடு நாலு விரலுக்கு இறங்கினேன். அவர் இரண்டுக்கு ஏறினார். அதற்குமேல் இரண்டு பேரும் அசையவில்லை. அப்போதுதான் மேட்ரன் பாய்ந்து வந்து, துண்டுக்கு மேலாகவே எங்கள் இரண்டு கைகளையும் சேர்த்து ஓங்கி ஓர் அறை அறைந்தார். "பாதிக்குப் பாதி! மூணு!"

அர்பாப் கையை உருவிக்கொண்டு, சிவந்துபோன விரல்களைப் பார்த்தார். "தலாத்தா" என்றார். மூன்று. ஜும்மா தொழுகைக்கு முன்னால் கூட்டிப் பெருக்கிவிட வேண்டும், கார் போக வழி விட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். அடுத்த சந்தைக்கு அவரே ஒரு கூடைப் பேரீச்சம்பழத்தோடு வந்து, கான் பாயை உட்காரவைத்துப் பேரம் பேசி, தனத்தின் முறுக்கில் பாதியை அள்ளிக்கொண்டு போனார்.

பேரம் படிந்த அன்று சாயங்காலமே, "டிக்கெட்டை என்ன பண்ணட்டும்?" என்று கேட்டேன்.

"எந்த டிக்கெட்டு?" என்றாள், அரிசி மாவைச் சலித்துக்கொண்டே.

மேட்ரன் அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார். ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பியபோது விடைபெறுவதற்கே மூன்று நாள் ஆனது. கமிட்டி நோட்டைத் தனத்தின் கையில் கொடுத்தார். அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று எல்லாம் தெரியும். இப்போது அவள் மலையாளம் பேசுகிறாள், ஹிந்தி பேசுகிறாள், பிலிப்பைன்ஸ் பாஷையில் ஏச மட்டும் தெரியும். நாட்டின் வார விடுமுறை வெள்ளியிலிருந்து மாறியபோது கமிட்டி கூட்டிச் சந்தையைச் சனிக்கிழமைக்கு மாற்றியதும் அவள்தான்.

போன வருஷம் எனக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு குடோனுக்கு மேனேஜராக வேலை கிடைத்தது. நல்ல சம்பளம். குடும்பத்தோடு போகலாம் என்று தனத்திடம் சொன்னேன். சோறு பொங்கி வரும் நேரம்தான் யோசித்தாள். "நீங்க போயிட்டு வாங்க" என்றாள். இதற்கிடையில் பிறந்த எங்கள் மகளின் பள்ளிக்கூடம் அல் ஐனில் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறோம். உண்மைக் காரணம் சந்தை. பெண்டாட்டியை அருகில் வைத்துக்கொள்ள அந்தப் பாடு பட்டவன், இப்போது ஷார்ஜாவின் ரோலா பக்கம் ஐந்து பேரோடு ஒரு ரூமில் கட்டில் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை பஸ் பிடித்து அல் ஐன் போய், ஞாயிறு திரும்புகிறேன்.

போன மாதம் மேட்ரன் வீடியோவில் கூப்பிட்டார். மூக்கில் களிம்பு இல்லை. பின்னால் ஜன்னலில் மழை. என் கட்டிலையும் கொடியில் காயும் சட்டைகளையும் பார்த்துவிட்டு, "என்னப்பா, அவளை விட்டுட்டு வந்துட்டியா?" என்று பதறினார்.

"நான் எங்க விட்டேன்? அவதான் சந்தையை விட்டு வரமாட்டேங்கிறா. எல்லாம் உங்களால வந்தது" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவருடைய ஊர் ஆண்கள் ஒரு காலத்தில் அத்தனை பேரும் ரோடு போடவும் கட்டிடம் கட்டவும் கடல் தாண்டி இங்கிலாந்து போனவர்களாம். ஊரையும் சந்தையையும் பெண்கள்தான் நடத்தினார்களாம். ஆண்கள் லீவுக்கு வருவார்கள், சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், திரும்பப் போவார்கள்.

"அவங்களை நாங்க வெளியூர்க்காரங்கன்னு நினைச்சதே இல்ல" என்றார். "உன்னையும் அப்படித்தான். நீ எங்க ஊர்க்காரன்."

நான் பிறந்த ஊரில் எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.